ஒரு கணினி, நான்கு பேர், ஒரே ஒரு அட்மின்: வண்ணாரப்பேட்டை வீட்டில் அனுமதிகளைப் பிரித்த பதிவு

பழைய வண்ணாரப்பேட்டையில் கீழே ரெடிமேட் கடை, மேலே வீடு. டெஸ்க்டாப் ஒன்றுதான். பகலில் அப்பா பில் போடுகிறார், சாயங்காலம் அம்மா மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறார், ராத்திரி கல்லூரிப் பையனும் பள்ளிக்கூடப் பெண்ணும் மாறி மாறி உட்காருகிறார்கள். நால்வரும் ஒரே கணக்கில்தான் நுழைந்தார்கள். அது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு, அதாவது எதையும் நிறுவவும் மாற்றவும் முழு அதிகாரம் உள்ளது; பாஸ்வேர்டும் கிடையாது. ஓசி விளையாட்டு ஒன்றோடு ஒட்டிக்கொண்டு வந்த விளம்பர மென்பொருள் சிஸ்டம் ஃபோல்டர் வரை இறங்கிவிட்டதால் விண்டோஸை அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

போட்ட பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. டி டிரைவில் இருந்த பழைய ஃபோல்டர்கள் 'ஆக்ஸஸ் டினைடு' (அனுமதி மறுப்பு) என்றன. பில்லிங் மென்பொருள் ஆளுக்கு ஒரு பில் பட்டியலைக் காட்டியது. இரண்டும் இப்போது சரியாகிவிட்டன. அட்மின் கணக்கு ஒன்று, அதில் அன்றாடம் யாரும் நுழைவதில்லை. அந்த முழு அதிகாரம் இல்லாத சாதாரண ஸ்டாண்டர்டு கணக்குகள் நான்கு. வேலை முழுவதிலும் கடைப்பிடித்த விதி ஒன்றுதான்: எது மறுக்கப்பட்டாலும் ஆளை அட்மின் ஆக்கக் கூடாது, மறுக்கப்படுவது எந்த ஃபோல்டர் என்று தேடிப் பிடித்து அதற்கு மட்டும் அனுமதி தர வேண்டும்.

இயந்திரமும் செலவும்

எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், சி டிரைவாக 256 ஜிபி எஸ்எஸ்டி, டி டிரைவாக 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 11 ஹோம். ஹோம் பதிப்பு என்பதைக் கவனிக்க வேண்டும். பல வீடியோக்களில் காட்டும் 'லோக்கல் யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' ஜன்னலும் குரூப் பாலிசி எடிட்டரும் இதில் கிடையாது. செட்டிங்ஸ், பழைய கண்ட்ரோல் பேனல், கமாண்ட் ப்ராம்ப்ட் மூன்றையும் வைத்தே முடிக்க வேண்டும். தாராளமாக முடிகிறது.

காசு செலவானது இரண்டு பொருளுக்கு: மதர்போர்டு பேட்டரி சிஆர்2032, 40 ரூபாய், யுபிஎஸ்-க்கு 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி, 1,050 ரூபாய். அனுமதி வேலைக்கும் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஸ்டாண்டர்டு கணக்கில் இருப்பவர் டைம் ஸோனை மாற்றலாம். தேதியையும் நேரத்தையும் மாற்ற முடியாது. இந்தப் பெட்டியில் தேதியைக் காக்கும் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. நெட் கிடைத்தால் விண்டோஸ் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் கடையில் நெட் என்பது ஃபோன் ஹாட்ஸ்பாட். அது வருவதற்கு முன்பே அன்றைய முதல் பில் தப்பான தேதியில் அச்சாகிவிடும். இதுவரை அப்பா தினமும் கையால் திருத்தினார். இனி அவரால் முடியாது. ஆகவே கணக்கை மாற்றுவதற்கு முன் பேட்டரியை மாற்றியாக வேண்டும். கடற்கரை உப்புக் காற்றில் பேட்டரி ஹோல்டரின் பித்தளை நாக்கு பச்சை பூத்திருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட காது குடையும் பஞ்சால் துடைத்த பிறகே புதிய பேட்டரியை வைத்தது.

யுபிஎஸ் எதற்கென்றால், லட்சக்கணக்கான ஃபைல்களுக்கு உரிமையாளரை மாற்றும்போது பாதியில் கரண்ட் போனால் பாதி ஃபைல் புதிய பெயரிலும் மீதி பழைய பெயரிலும் நிற்கும். கட்டளையை மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும், ஆனால் எது முடிந்தது எது முடியவில்லை என்ற குழப்பம் தேவையில்லை. காலை 9 முதல் 2 வரை பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கணக்குகளை உருவாக்குதல்

வரிசைதான் முக்கியம். முதலில் புதிய அட்மின் கணக்கை உருவாக்க வேண்டும். அதில் ஒருமுறை உள்ளே நுழைந்து, ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவிப் பார்த்து, வெளியே வந்து, இன்னொரு முறை பாஸ்வேர்டு அடித்து நுழைந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏற்கெனவே உள்ள கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்கலாம். வரிசை மாறி, பாஸ்வேர்டு தெரியாத அட்மின் மட்டும் மிஞ்சினால், விண்டோஸை மறுபடி போடுவது வரைக்கும் போகும். விண்டோஸுக்குள் ஏற்கெனவே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கணக்கு ஒன்று இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது முடக்கியே வருகிறது.

வழி: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், ஆட் அக்கவுண்ட். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கேட்கும் இடத்தில் 'இவருடைய விவரம் என்னிடம் இல்லை' என்ற இணைப்பை அழுத்தி, அடுத்த பக்கத்தில் 'மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் லோக்கல் கணக்கு உருவாகும். புதுக் கணக்கு எப்போதும் ஸ்டாண்டர்டாகவே பிறக்கும். அட்மின் ஆக்க வேண்டியதை மட்டும் 'சேஞ்ச் அக்கவுண்ட் டைப்' கொடுத்து மாற்ற வேண்டும்.

தமிழில் பெயர் வைக்க நினைக்கும் வீடுகளுக்கு ஒரு பிரச்சினை இங்கே இருக்கிறது. கணக்கை உருவாக்கும்போதே பெயரைத் தமிழில் அடித்தால், சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அதே தமிழ்ப் பெயரில் ஃபோல்டர் உருவாகும். யூனிகோடு அறியாத பழைய மென்பொருள்கள் அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் விழுந்துவிடும். பில்லிங் மென்பொருள் அப்படித்தான் திறக்க மறுத்தது. ஃபோல்டர் பெயரைப் பிறகு மாற்றுவது பெரிய தலைவலி. அதனால் முதலில் இடைவெளி இல்லாத ஆங்கில எழுத்தில் குட்டிப் பெயர் கொடுத்துக் கணக்கை உருவாக்கி, பிறகு கண்ட்ரோல் பேனலில் 'சேஞ்ச் தி அக்கவுண்ட் நேம்' மூலம் தமிழ்ப் பெயர் வைத்தால் போதும். திரையில் 'அப்பா' என்று தெரியும். உள்ளே ஃபோல்டர் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

அடுத்தது யூஏசி (யூசர் அக்கவுண்ட் கண்ட்ரோல்). விஸ்டாவோடு 2007-இல் வீடுகளுக்கு வந்த, 'இந்த மாற்றத்தை அனுமதிக்கவா' என்று திரையை மங்கலாக்கிக் கேட்கும் கதவு. அட்மின் கணக்கில் அது ஆம், இல்லை என்று மட்டும் கேட்கும். ஸ்டாண்டர்டு கணக்கில் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் கணக்கையே பிரிப்பது. ஏனென்றால் ஆம், இல்லை என்று கேட்டால் யாரும் படிக்காமல் ஆம் என்பார்கள். ஸ்லைடரை மேலே கடைசி வரை தள்ளி 'ஆல்வேஸ் நோட்டிஃபை' வைத்தாயிற்று. அதற்குக் கீழுள்ள படியில் விண்டோஸின் சொந்த அமைப்பு மாற்றங்கள் சில கேட்காமலே நுழைந்துவிடும். அட்மினுக்கு 4 இலக்க பின் வைக்கவில்லை. ஃபோன் எண்ணின் கடைசி நான்கும் பிறந்த வருடமும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

டி டிரைவ்: அட்மினுக்கே கதவு திறக்காத காரணம்

பழைய விண்டோஸில் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை டி டிரைவுக்கு நகர்த்தி வைத்திருந்தார்கள். புதிய விண்டோஸில் அதே பெயரில் கணக்கு உருவாக்கியும் திறக்கவில்லை. செக்யூரிட்டி டேபைத் திறந்து பார்த்தால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அக்கவுண்ட் அன்நோன்' என்றும், பக்கத்தில் எஸ்-1-5-21 என்று ஆரம்பித்து 1001 என்று முடியும் நீண்ட எண்ணும் இருந்தன. விண்டோஸ் ஆளைப் பெயரால் அறிவதில்லை. அந்த எண்ணால்தான் அறிகிறது. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் நடுவில் உள்ள எண் மாறிவிடும். பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்தாலும் அது வேறு ஆள்தான்.

பட்டியலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவுக்கு ஃபுல் கண்ட்ரோல் இருந்தது. அப்படியிருந்தும் அட்மின் கணக்கில் நுழைந்து திறந்தால் மறுப்புதான். யூஏசி இயங்கும்போது அட்மின் நுழைந்தவுடன் அவர் பெயரில் இரண்டு அடையாளச் சீட்டுகள் உருவாகும்; ஒன்று முழு அதிகாரம் உள்ளது, இன்னொன்று அதிகாரம் வடிகட்டியது. ஃபைல் எக்ஸ்ப்ளோரர் ஓடுவது வடிகட்டிய சீட்டில். அதில் அட்மின் குழு உறுப்பினர் என்ற தகுதி அனுமதி பெறுவதற்குச் செல்லாது, மறுப்பதற்கு மட்டுமே செல்லும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'ஹூஆம்ஐ' கட்டளையைக் குரூப்ஸ் சுவிட்சோடு (whoami /groups) ஓட்டினால், அந்தக் குழுவுக்கு நேரே 'டினை ஒன்லி' என்று எழுதியிருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதே கட்டளையை 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்த ஜன்னலில் ஓட்டினால் அந்த வரி மாறியிருக்கும்.

எக்ஸ்ப்ளோரர் 'கன்டினியூ' என்று ஒரு பொத்தான் காட்டும். அதை அழுத்தினால் திறக்கும்தான். ஆனால் அது ஒருதடவைக்கான அனுமதி என்று நினைக்கக் கூடாது. கணக்கின் பெயரை அந்த ஃபோல்டரின் பட்டியலில் நிரந்தரமாக எழுதிவிடும். பத்து ஃபோல்டரில் அப்படி அழுத்திய பிறகு யாருக்கு எது என்பதே தெரியாமல் போகும்.

செய்த முறை: ஃபோல்டரில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. மேலே 'ஓனர்' பக்கத்தில் சேஞ்ச். பெயரை அடித்து 'செக் நேம்ஸ்' அழுத்த வேண்டும். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் விண்டோஸ் ஆளைக் கண்டுகொண்டது என்று பொருள். 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' கட்டத்தை டிக் செய்து அப்ளை. இதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உரிமையாளர் ஆவது என்பது அனுமதியை மாற்றும் உரிமை மட்டுமே. படிக்கும் அனுமதி தனி. ஜன்னலை மூடித் திரும்பத் திறந்து, ஆட் கொடுத்து, உரியவருக்கு அனுமதி எழுதி, அடியில் உள்ள 'ரீப்ளேஸ் ஆல் சைல்ட் ஆப்ஜெக்ட் பர்மிஷன்' கட்டத்தையும் டிக் செய்தால்தான் உள்ளே உள்ள ஃபைல்கள் வரை இறங்கும். அதே சமயம் 'அக்கவுண்ட் அன்நோன்' வரியையும் நீக்கிவிடலாம். சுழலும் ஹார்டு டிஸ்க் என்பதால் அப்ளை அழுத்திய பிறகு நகராமல் நிற்பதுபோலத் தெரியும். கீழே ஃபைல் பெயர்கள் ஓடுகின்றனவா என்று பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஃபுல் கண்ட்ரோல் வேண்டாம், மாடிஃபை போதும். படிக்க, எழுத, அழிக்க எல்லாம் அதில் அடக்கம். ஃபுல் கண்ட்ரோல் கூடுதலாகத் தருவது அனுமதியையும் உரிமையாளரையும் மாற்றும் உரிமை. அது அன்றாட வேலைக்குத் தேவையில்லை. 'எவ்ரிஒன் – ஃபுல் கண்ட்ரோல்' என்று போட்டுவிட்டுப் போவது பழுது பார்ப்பவர்களிடம் உள்ள பழக்கம். தயவுசெய்து அதை விடுங்கள். இதே முறையை சி டிரைவ் முழுவதற்கும் செய்யவே கூடாது. விண்டோஸ் ஃபோல்டரின் ஃபைல்களுக்கு டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற விண்டோஸின் உள் கணக்கு உரிமையாளராக இருப்பது காரணத்தோடுதான். அதை மாற்றினால் ஸ்டோர் செயலிகள் திறக்காது, அப்டேட் தடுமாறும், பழையபடி கொண்டுவருவது மிகக் கடினம்.

இப்போது எதிர்ப் பிரச்சினை. அனுமதிகளைத் தாங்கும் விண்டோஸின் வழக்கமான என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டி டிரைவில், உள்ளே நுழைந்த எவருக்கும் மாடிஃபை அனுமதி பிறப்பிலேயே இருக்கும். அதாவது கடைக் கணக்கு ஃபோல்டரைப் பிள்ளைகள் தெரியாமல் அழிக்க முடியும். இதைத் தடுக்க முதலில் யூசர்ஸ் குழுவுக்கு 'டினை' (மறுப்பு) போட்டுப் பார்த்தது. உடனே அப்பாவுக்கும் மூடிக்கொண்டது, ஏனென்றால் அவரும் யூசர்ஸ் குழுவில்தான் இருக்கிறார், ஒரே ஃபோல்டரில் டினையும் 'அலவ்' என்ற அனுமதியும் மோதினால் டினை ஜெயிக்கும். டினையை நீக்கிவிட்டு, மேல் மட்டத்து அனுமதி தானாக இறங்குவதை நிறுத்த அட்வான்ஸ்டில் 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' கொடுத்து, வரும் இரண்டு தேர்வுகளில் 'கன்வர்ட்' என்று சொல்லும் முதலாவதைத் தேர்ந்தெடுத்து, பட்டியலில் ஆதென்டிகேட்டட் யூசர்ஸ், யூசர்ஸ் இரண்டு வரிகளை மட்டும் நீக்கி, அப்பா பெயருக்கு மாடிஃபை சேர்த்ததும் சரியானது. சிஸ்டம், அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் வரிகளைத் தொடவில்லை. ஆன்டிவைரஸும் பேக்கப்பும் அவற்றை நம்பித்தான் இருக்கின்றன. 'ரிமூவ் ஆல்' என்ற இரண்டாவதை அழுத்தினால் அந்த வரிகளும் சேர்ந்து போய்விடும்.

இதில் இன்னொரு சங்கதி. அந்தத் தனி ஃபோல்டரிலிருந்து படங்களைப் பொது ஃபோல்டருக்கு இழுத்துப் போட்டால் அம்மாவுக்குத் திறக்காது. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் பழைய அனுமதி கூடவே போகும். காப்பி செய்தால்தான் போகும் இடத்தின் அனுமதியை ஏற்கும். காப்பி செய்து பழையதை அழிப்பதே வீட்டாருக்குச் சொல்ல எளிது.

பில்லிங் மென்பொருள்: இரண்டு கணக்குப் புத்தகங்கள்

அதிக நேரம் எடுத்தது இதுதான். 32-பிட் பழைய மென்பொருள். ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ளேயே தன் டேட்டாவையும் வைத்துக்கொள்ளும் ரகம். அப்பா கணக்கில் பில் போட்டால் சேமிக்கிறது, பிழை எதுவும் இல்லை. மென்பொருளை நிறுவிய அட்மின் கணக்கில் திறந்து பார்த்தால் அந்தப் பில் அங்கே இல்லை. டேட்டா தொலைந்துவிட்டது என்றே தோன்றும்.

தொலையவில்லை. ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத ஸ்டாண்டர்டு கணக்குக்கு அனுமதி இல்லை. பழைய மென்பொருள் அதனால் நொறுங்கிவிடாமல் இருக்க, எழுதுவதை விண்டோஸ் சத்தமில்லாமல் அந்த ஆளின் ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர் என்ற ஃபோல்டருக்குத் திருப்பி விடுகிறது. ஆளுக்கு ஒரு பிரதி. உறுதிசெய்ய டாஸ்க் மேனேஜரில் டீடெய்ல்ஸ் பக்கத்தில் தலைப்பு வரிசையை ரைட் கிளிக் செய்து 'யூஏசி விர்ச்சுவலைசேஷன்' பத்தியைச் சேர்க்கலாம். மென்பொருளுக்கு நேரே 'எனேபிள்டு' என்று இருந்தால் இதுதான் காரணம்.

சுலபமான வழி என்று எல்லாரும் காட்டுவது, ஷார்ட்கட்டின் கம்பாட்டிபிலிட்டி பக்கத்தில் 'ரன் திஸ் ப்ரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக். அதைப் போட்டுப் பார்த்து எடுத்தாகிவிட்டது. காரணங்கள் மூன்று. ஒவ்வொரு முறையும் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். கடையில் கூட்டம் நிற்கும்போது அது நடக்காத காரியம், கடைசியில் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடுத்து, ஸ்டாண்டர்டு கணக்கிலிருந்து பாஸ்வேர்டு கொடுத்து ஓட்டினால் மென்பொருள் அட்மின் ஆளாகவே ஓடுகிறது. 'டாக்குமெண்ட்ஸில் சேமி' என்றால் அட்மினுடைய டாக்குமெண்ட்ஸுக்குப் போய்விடும், அப்பா தேடிக்கொண்டே இருப்பார். மூன்றாவது தமிழ்த் தட்டச்சு. விசைகளைப் பிடித்து மாற்றித் தரும் தமிழ்த் தட்டச்சு மென்பொருள் சாதாரண அதிகாரத்தில் ஓடுகிறது. கீழ் அதிகாரத்தில் ஓடும் மென்பொருள் மேல் அதிகார ஜன்னலுக்குள் விசை அனுப்ப விண்டோஸ் விடாது. வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடிக்க முடியாமல் போனதற்கு அதுதான் காரணம், கீபோர்டு பழுது இல்லை.

சரியான வழி: மென்பொருளின் டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை கொடுப்பது. மென்பொருளின் முழு ஃபோல்டருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் யாருடைய கணக்கில் நுழைந்த வைரஸும் மென்பொருளை இயக்கும் எக்ஸ்இ ஃபைலை மாற்றி வைக்கலாம், பிறகு அட்மின் அதைத் திறக்கும்போது முழு அதிகாரம் கிடைத்துவிடும். எந்த ஃபைல் மறுக்கப்படுகிறது என்று தெரியாவிட்டால் மென்பொருள் எந்தெந்த ஃபைலைத் தொடுகிறது என்று காட்டும், மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் ப்ராசஸ் மானிட்டரை அட்மினாக ஓட்டி, ரிசல்ட் 'ஆக்ஸஸ் டினைடு' என்று ஃபில்டர் போட்டால் பாதையோடு காட்டும்.

அனுமதி கொடுத்த பிறகும் அப்பாவுக்குப் பழையபடியே தெரிந்தது. விர்ச்சுவல்ஸ்டோரில் பிரதி இருக்கும் வரை மென்பொருள் அதைத்தான் முதலில் படிக்கும். இரண்டு பிரதிகளில் எது புதியது என்று தேதியும் கடைசிப் பில் எண்ணும் பார்த்து, இரண்டையும் வெளி டிஸ்கில் காப்பி எடுத்து, புதியதை உண்மையான டேட்டா ஃபோல்டரில் வைத்து, விர்ச்சுவல்ஸ்டோரில் இருந்ததை வேறு இடத்துக்கு நகர்த்திய பிறகே இருவருக்கும் ஒரே கணக்கு தெரிந்தது. பில் எண் மட்டும் அப்போதும் ஒத்துப்போகவில்லை. அந்த எண்ணை மென்பொருள், விண்டோஸ் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருந்தது. ரெஜிஸ்ட்ரிக்கும் இதே திருப்பிவிடுதல் உண்டு. ரெஜ்எடிட்டில் அந்த ஒரு கீயை மட்டும் ரைட் கிளிக் செய்து, பர்மிஷன்ஸில் யூசர்ஸுக்கு எழுதும் அனுமதி கொடுத்து, அப்பா கணக்கின் கிளாஸஸ் பகுதியில் உள்ள விர்ச்சுவல்ஸ்டோர் கீயை எக்ஸ்போர்ட் செய்துவிட்டு நீக்கியதும் எண் ஒன்றானது.

இதனால் காக்கப்படாதவை

ஸ்டாண்டர்டு கணக்கு எல்லாவற்றையும் தடுக்கும் என்று நம்ப வேண்டாம். குரோம் உட்படப் பல மென்பொருள்கள் அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே அந்த ஆளின் ஆப்டேட்டாவுக்குள் தங்களை நிறுவிக்கொள்ளும். பையன் விளையாட்டு எதையாவது போட்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. அது இனி அவன் கணக்கோடு நிற்கும், அந்தக் கணக்கை நீக்கினால் போய்விடும். பிணைத்தொகை கேட்கும் வைரஸுக்கு அட்மின் அதிகாரமே தேவையில்லை. அப்பாவால் எழுத முடிந்த எல்லா ஃபைலையும் அப்பா பெயரிலேயே அது பூட்டிவிடும். கடை டேட்டா வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் ஏறுகிறது, ஏறியதும் டிஸ்க் கழற்றி எடுக்கப்படுகிறது. எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்த டிஸ்கில் அனுமதிகளே கிடையாது. கையில் கிடைத்தவர் யாரும் படிக்கலாம் என்பதால் அது பீரோவில்தான் இருக்க வேண்டும்.

பிரிண்டர் டிரைவர், ஸ்கேனர் மென்பொருள் போன்றவற்றை ஸ்டாண்டர்டு கணக்கிலிருந்து பாஸ்வேர்டு அடித்து நிறுவுவதைவிட, அட்மின் கணக்கிலேயே நுழைந்து 'ஆல் யூசர்ஸ்' தேர்வோடு நிறுவுவது நல்லது. இல்லாவிட்டால் ஷார்ட்கட் அட்மின் டெஸ்க்டாப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த முறை இதே மாதிரி வீட்டில் செய்தால் மாற்றுவது இரண்டு. பில்லிங் மென்பொருளை ப்ரோகிராம் ஃபைல்ஸில் நிறுவாமல் சி டிரைவின் மேல் மட்டத்தில் தனி ஃபோல்டரில் நிறுவினால் ஃபைல்களுக்குத் திருப்பிவிடுதலே வராது. அங்கே உருவாகும் ஃபோல்டரில் எல்லாக் கணக்குக்கும் எழுத அனுமதி தானாகவே இருக்கும். எக்ஸ்இ ஃபைல் இருக்கும் பகுதியில் மட்டும் அந்த அனுமதியைப் படிப்பதாகக் குறைத்துவிட வேண்டும். இரண்டாவது, டி டிரைவைத் தொடுவதற்கு முன் 'ஐகேக்கிள்ஸ்' (icacls) கட்டளையின் சேவ் சுவிட்சால் இருக்கும் அனுமதிகளை ஒரு ஃபைலில் எழுதி வைப்பது. தப்பாகப் போனால் அதே கட்டளையின் ரீஸ்டோர் சுவிட்ச் அனுமதிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அந்த ஃபைலை டி டிரைவில் வைக்காமல் பென் டிரைவில் வைக்க வேண்டும்.

அட்மின் பாஸ்வேர்டு இப்போது கடையின் ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கும் கவரில், காகிதத்தில் எழுதி, அம்மாவிடம் இருக்கிறது.